பச்சைத் துணிக்கு அடியில் இருந்த பெட்டி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா, வேலை பார்த்த மில் மூடும் வரைக்கும் கைநாட்டுதான் வைத்தார். அம்மாவுக்கு பஸ்ஸில் எழுதியிருக்கும் நம்பர் மட்டும் தெரியும். நான் பி.காம். முடித்தவள். இதை நான் கொஞ்சம் அடிக்கடி சொல்வேன். அந்த மழைக்கு முன்னால் இன்னும் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன்.

உப்பளம் பகுதியில் வாய்க்காலை ஒட்டிய தெரு எங்களுடையது. மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீர் எங்களுக்குப் பழக்கம்தான். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துவிட்டு, மேலே உட்கார்ந்து டீ குடிப்போம். புயல் கரை கடந்த மறுநாள் காலையிலும் அம்மா செங்கல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்புவதற்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. ஒரு வீடு இத்தனை சீக்கிரம் நம்முடையதாக இல்லாமல் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காலி சிலிண்டர் மிதந்து வந்து என் தொடையில் இடித்தது. அப்பா ஒரு பிளாஸ்டிக் பையைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். பைக்குள் என் சர்டிபிகேட்டுகள். வேறு எதையும் அவர் எடுக்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் தெருவே நடந்து போய் ஏறிய இடம், நான் பத்தாவது வரை படித்த அரசுப் பள்ளிக்கூடத்தின் மாடி. தலைமையாசிரியை வில்லியனூர் பக்கம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். வாட்ச்மேனுக்கு போன் செய்து, சாவிக்கொத்தை என்னிடம் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னிடமும் பேசினார்.

"நீ நம்ம ஸ்கூல் பொண்ணு. எல்லாத்தையும் பத்திரமா பாத்துக்கம்மா."

சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். நடக்கும்போது அது சத்தம் போட்டது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. சொந்த வீடு முழுகிக் கிடக்கும்போது ஒருத்திக்கு ஒரு சத்தம் பிடித்துப்போகுமா என்றால், எனக்குப் பிடித்தது.

குடும்பங்களை வகுப்பு வகுப்பாக நான்தான் பிரித்து உட்கார வைத்தேன். கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு எட்டாம் வகுப்பு அறை. சாரல் அடிக்காத ஒரே அறை அதுதான். என் அடுத்த வீட்டு அத்தை, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தை பிறந்து பத்து நாள். தண்ணீரில் நடந்து வந்ததில் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது.

அந்தப் பெண்ணும் நானும் இதே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எட்டாவதில் அவள் வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். என்னை நிறுத்தவில்லை. எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் நான் அப்படி நினைத்துக்கொண்டது கிடையாது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நம்ம கிளாசுடி இது" என்றாள் அவள், சுவரோரம் மெல்ல உட்கார்ந்துகொண்டே.

"பேசாம படு. நான் எல்லாம் பாத்துக்கறேன்" என்றேன்.

அன்று மத்தியானமே சாமான்கள் வந்தன. தண்ணீரில் வரக்கூடிய உயரமான லாரி. பாய், போர்வை, ரொட்டி, பால் பாக்கெட், பிஸ்கட், சோப்பு, மெழுகுவத்தி, கொசுவத்தி, குடிதண்ணீர் கேன்கள். கூடவே ஓர் அதிகாரி, கையில் இங்கிலீஷில் அச்சடித்த படிவத்தோடு. என்னென்ன வேண்டும், எத்தனை பேருக்கு வேண்டும் என்று அதில் எழுதித் தர வேண்டும்.

"இங்க படிச்சவங்க யாரு?" என்று கேட்டார்.

தெருவே என்னைப் பார்த்தது. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம் பொண்ணுதான் சார், டிகிரி" என்றார்.

வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்தேன். தெரு முழுக்கச் சுற்றி நின்றது. ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். கேட்டு எழுதினேன்.

"அடுத்தது போர்வை. பெரியவங்களுக்கு ஒன்னு, கொழந்தைங்களுக்குத் தனியா ஒன்னு."

"எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டா போடு கண்ணு, அந்த ஒடம்புக்கு ஒன்னு எந்த மூலைக்கு?" என்றாள் மீன்காரம்மா. வீராம்பட்டினத்தில் மீன் எடுத்து எங்கள் பக்கம் கூடையில் விற்பவள் அவள். அவள் வாய்க்குத் தெருவில் எல்லோரும் பயப்படுவார்கள். அன்று எல்லோரும் சிரித்தோம். ஈரத்தில் நடுங்கிக்கொண்டே சிரித்தோம்.

அப்படிப் படித்துக்கொண்டே வந்தவள், ஒரு வரியில் நின்றேன்.

சானிட்டரி நாப்கின்.

மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா. அவர் தோளுக்குப் பின்னால் என் சித்தப்பா. சின்ன வயதிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்த ஆம்பளைகள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அடுத்தது என்ன கிடைக்கப்போகிறது என்று. என் காது சுட்டது. அதிகாரிக்கும் புரிந்தது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பேனா முனையால் வரியைத் தொட்டு, தாழ்ந்த குரலில், "இது எத்தினி போடலாம்?" என்றார்.

"வேணாம் சார்" என்றேன். "இங்க யாரும் அதெல்லாம் பயன்படுத்தறது இல்ல."

பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது. காலேஜில் சேர்ந்ததிலிருந்து நான் மட்டும்தான் கடையில் வாங்குபவள். அம்மா, அத்தை, எல்லோருக்கும் பழைய துணிதான். ஆனால் அந்தத் துணிகளும் வீட்டோடு தண்ணீருக்குள் கிடந்தன என்பது அந்த நிமிடம் என் மூளையில் ஓடவில்லை. நான் எப்போதும் ஒளித்து வைக்கும் ஒரு பாக்கெட் சர்டிபிகேட் பையிலேயே இருந்தது. அதனால் ஓடாமல் இருந்திருக்கலாம்.

அதிகாரி அந்த வரியின் மேல் கோடு போட்டார். அவருக்கும் நிம்மதி என்று தோன்றியது. நான் சட்டென்று அடுத்த வரிக்குப் போனேன். "அடுத்தது கொசுவத்தி."

லாரி டிரைவர் அதற்குள் ஒரு பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான்கு பக்கமும் இங்கிலீஷ் எழுத்து.

"அது வேணாம்ணே, எடுத்துட்டுப் போங்க."

"இன்னாம்மா நீ, மாடி ஏத்தி மூச்சு வாங்கிட்டிருக்கேன். மறுபடியும் எறக்கச் சொல்ற. எங்கனா ஓரமா வெய்யி."

நானே அதைத் தலைமையாசிரியை அறைக்குள் தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்தேன். தண்ணீர் கேன்களும் அந்த அறையில்தான் இருந்தன, ஆட்கள் வந்து போவார்கள். பெட்டியின்மேல் எழுதியிருந்தது கண்ணில் அறைந்தது. அலமாரியைத் திறந்து, ஆண்டு விழாவில் பரிசு மேசைக்குப் போடும் பச்சைத் துணியை எடுத்துப் பெட்டியின்மேல் நன்றாக மூடினேன். பத்தாவதில் முதல் மார்க்கு வாங்கியதற்கு நான் பரிசு வாங்கியது இந்தத் துணி போட்ட மேசையிலிருந்துதான். யாராவது தனியாக வந்து கேட்டால் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாருக்குமே தெரியாத ஒன்றை யார் வந்து கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

மறுநாளும் மழை. சாம்பார் சாதப் பொட்டலங்கள் வந்தன, பிரித்துக் கொடுத்தேன். எட்டாம் வகுப்புக்குப் போனபோது என் தோழி நேற்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கால்களைச் சேர்த்து, போர்வையை இடுப்புக்குக் கீழே இறுக்கச் சுற்றி. பொட்டலத்தை வாங்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"இன்னாடி, மகாராணி மாதிரி ஒக்காந்துனே கீற?"

அவள் சிரித்தாள். வெளியே வந்தபோது அத்தை என் பின்னாலேயே வந்தாள்.

"கண்ணு, பழைய துணி ஏதாவது கெடைக்குமா? கிழிசலா இருந்தாலும் பரவாயில்ல."

வராந்தா முழுக்க ஆம்பளைகள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அத்தை அதற்கு மேல் சொல்லவில்லை.

"போர்வை மூனு குடுத்தேனே அத்த. லிஸ்ட்டுல துணின்னு தனியா எதுவும் இல்ல."

"சரிம்மா" என்றாள். உடனே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் தலைமையாசிரியை அறைக்குப் போனால் பச்சைத் துணியைக் காணவில்லை. பெட்டி அப்படியே மொட்டையாக நின்றது. ஒட்டின டேப் பிரியாமல், எழுத்து வாசலைப் பார்த்துக்கொண்டு. நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பெட்டியைத் திருப்பி, பெரிய எழுத்து சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. என்னை நம்பிச் சாவி கொடுத்திருக்கிறார்கள். என் பள்ளிக்கூடத்தில் திருட்டு.

வராந்தா நடுவில் நின்று குரல் கொடுத்தேன்.

"டீச்சர் ரூமுல இருந்த பச்சைத் துணிய எடுத்தவங்க மரியாதையா கொண்டாந்து வெச்சிடுங்க. கவர்மெண்டு சொத்து அது. சாப்பாடு போட்டு, போர்வை குடுத்து, இதுல திருட வேற செய்வீங்களா?"

"ஏய், கலெக்டரம்மா வந்துட்டாங்கடி. எல்லாரும் மடியப் பிரிச்சிக் காட்டுங்க" என்றாள் மீன்காரம்மா. சிலர் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எட்டாம் வகுப்பு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

நானே தேடக் கிளம்பினேன். மாடிக்குப் பின்பக்கம், கழிவறைகளுக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு பாவாடை காய்ந்தது. காய்ந்தது என்று சொல்லக் கூடாது, மழைச் சாரலில் சொட்டிக்கொண்டிருந்தது. பாவாடையின் ஓரத்தில் பச்சை நிறம் ஒரு விரல் அளவு தெரிந்தது.

எங்கள் வீடுகளில் அந்தத் துணியைத் தனியாகக் கொடியில் போடமாட்டார்கள். ஆம்பளை கண்ணில் படக்கூடாது. மேலே ஒரு பாவாடையோ துண்டோ போட்டு மூடித்தான் உலர்த்துவார்கள். பார்த்தால் பாவாடை காய்வது போல இருக்கும். அம்மா உலர்த்துவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் கை போய் அந்தப் பாவாடையைத் தூக்கியது.

பச்சைத் துணியிலிருந்து கிழித்த நான்கு துண்டுகள். கசக்கிக் கசக்கிப் பிழிந்தும் போகாத கறை. பரிசு மேசையின் ஜரிகை ஓரம் ஒரு துண்டில் அப்படியே இருந்தது.

மழை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பாவாடையின் ஓரம் இன்னும் என் விரலில் இருந்தது. கீழே விடத் தோன்றவில்லை. இது என்ன, யாருடையது, எதற்கு என்று மூன்றும் ஒரே சமயத்தில் எனக்குப் புரிந்தது. பெட்டியின்மேல் இருந்த துணியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் அத்தை. பெட்டியை விட்டுவிட்டு.

ஓடினேன். எட்டாம் வகுப்பில் தோழி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். குழந்தை அவள் மடியில். நான் அவள் கையைத் தொட்டேன். அனலாய்ச் சுட்டது.

"எப்போலருந்து அத்த?"

"நேத்து சாயந்தரத்துலருந்து குளுருது, குளுருதுன்னா. மழைக்குன்னு நெனச்சேன்." அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நான் திருடலம்மா. வூட்டுப் பெட்டியில இருந்த வேட்டித்துணி எல்லாம் தண்ணியில பூடுச்சு. கட்டுனது ஊறிப்போய் ஒக்காந்திருந்தா. தோச்சு மடிச்சு வெச்சிடலாம்னுதான் எடுத்தேன், பாதியத்தான் கிழிச்சேன். அது காஞ்சாதான? ஈரத்தயே கட்டிக்கறா."

"அந்தத் துணிக்கு அடியில ஒரு பெட்டி இருந்துச்சே அத்த."

"இருந்துச்சு. ஒட்டியிருந்த பெட்டிய நாம எப்பிடிம்மா பிரிக்கறது? அதுல இன்னா எழுதியிருக்கோ."

நான் எழுந்து போனேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். மேசைமேல் வைத்து, சாவியாலேயே டேப்பைக் கிழித்தேன். முதலில் இரண்டு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடி, அத்தை கையில் கொடுத்து, எப்படி வைப்பது என்று சொன்னேன். பிறகு திரும்பி வந்து நின்றேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவும்.

"பொம்பளைங்களுக்கு பேடு வந்திருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தினேன். "பேடு வந்திருக்கு! மொத நாளே வந்திடுச்சு. யாருக்கு வேணுமோ வந்து வாங்கிக்குங்க."

மீன்காரம்மாதான் முதலில் வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மூனு நாளா இத்த மூடி வெச்சிருந்தியா? இன்னா, ஊறுகா போடலாம்னா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஆம்பளைகள் பக்கம் திரும்பி, "இங்க இன்னா சினிமாவா ஓடுது? அந்தப் பக்கம் திரும்பி மழையப் பாருங்கய்யா" என்று அதட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவும் திரும்பினார். பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். இத்தனை பேருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் என் அம்மா வந்து நின்றாள். இரண்டு நாளாக என் பக்கத்திலேயே படுத்திருந்தவள்.

"நீயாம்மா?"

"குடுடி" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

சாப்பாடு கொண்டுவந்த லாரியிலேயே தோழியை ஏற்றினோம். குழந்தையை அத்தை பாலிதீன் விரிப்பில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். நான் தோழியை என் மேல் சாய்த்துக்கொண்டேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு லாரி மெல்லப் போனது. முதல் நாள் பெட்டி தூக்கி வந்த அதே டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தப் பெட்டியை அவர் மறந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பிரசவ ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே படுக்க வைத்து ஊசி போட்டார்கள். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது, கிருமி உள்ளே ஏறியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் நர்ஸ். கோபமாகத்தான் சொன்னார்.

"பச்ச ஒடம்புக்காரிய மூனு நாளா ஈரத்துலயா வெச்சிருந்தீங்க? கேம்ப்புல நாப்கின் எதுவும் தரலியா?"

அத்தை வாயைத் திறந்தாள். "இல்லம்மா, அங்க அதெல்லாம்" என்று தொடங்கினாள். எனக்காகத்தான் சொல்ல வந்தாள்.

"தந்தாங்க" என்றேன். "நான்தான் வேணாம்னு சொன்னேன்."

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சிருக்கியா நீ?"

எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்வி அது. ஒவ்வொரு முறையும் நான் நிமிர்ந்து பதில் சொன்ன கேள்வி. அன்று தலையை மட்டும் அசைத்தேன்.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான் பார்க்கப் போனபோது அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்லடி?" என்றேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இன்னாத்த கேக்கறது?" என்றாள் அவள், குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே. "நீதான் எல்லாத்தயும் எழுதி வாங்கற. இருந்தா குடுத்திருக்க மாட்டியா? ஒனக்குத் தெரியாததா? கெடைக்கல போலன்னு நெனச்சிக்கினேன்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை உட்கார வைத்தது. கட்டிலின் கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னை முழுதாக நம்பியதால் ஒருத்தி சாகும் அளவுக்குப் போயிருக்கிறாள். அதைச் சொல்லும்போதும் அவள் என்னை நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

தண்ணீர் வடிந்து, தெருவுக்குத் திரும்பிய நாள், வீட்டிலிருந்து சேற்றை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தேன். சாவிக்கொத்தைச் சாயந்தரம் தலைமையாசிரியையிடம் ஒப்படைக்க வேண்டும். அத்தை தன் வீட்டிலிருந்து வந்தாள். கையில் மடித்த பச்சைத் துணி. கிழிக்காமல் மிச்சம் இருந்த பாதி. வெயிலில் காயவைத்து, மடிப்புக் கலையாமல் கொண்டு வந்திருந்தாள். சோப்பு வாசனை அடித்தது.

"இது கறை படாத பக்கம் கண்ணு. டீச்சர்கிட்ட குடுத்துடு. திருடிட்டாங்கன்னு நெனச்சிக்கப்போறாங்க. மிச்சத்துக்கு நான் வேணா வந்து சொல்றேன்."

"நீ சொல்ல வேணாம் அத்த. நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

வாங்கக் கை நீட்டினேன். முழங்கை வரை சேறு. அத்தை துணியை என் கையில் கொடுக்காமல், உள்ளே போய், அப்பா ஆணியில் மாட்டி வைத்திருந்த சர்டிபிகேட் பையின்மேல் பத்திரமாக வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் ஈரம் படாத இடம் அது ஒன்றுதான் இருந்தது.